டார்சியின் கடிதத்தை எப்படிப் படமெடுப்பது?

அக்கா மகள் செமஸ்டர் லீவுக்கு வந்திருந்தபோது ஜேன் ஆஸ்டின் நாவலை வைத்து பிபிசி 1995இல் எடுத்த 'பிரைட் அண்ட் ப்ரெஜுடிஸ்' தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடித்தாள். முடித்த கையோடு என் அலமாரியிலிருந்து நாவலையும் எடுத்துக்கொண்டாள். பாதி தாண்டியதும் புத்தகத்தை விரல் வைத்து மூடிக்கொண்டு வந்து நின்றாள். "சித்தி, இந்த 36ஆவது அத்தியாயம் சுத்த இழுவை. விக்கம் ஃபிராடுன்னுதான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு இவ அந்த லெட்டரைத் திருப்பித் திருப்பிப் படிச்சுக்கிட்டு ரெண்டு மணி நேரம் நடக்கிறா?" பழைய நாவல் அப்படித்தான் இருக்கும், பொறுமையாகப் படி என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆனால் கேள்வி போகவில்லை. அவள் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து பார்த்தால் கேள்வி நியாயம்தான். இனிக்க இனிக்கப் பேசும் ராணுவ இளைஞன் விக்கம் மோசடிக்காரன் என்பது அவளுக்கு உறுதியாகத் தெரிந்திருக்கிறது. கதாநாயகி எலிசபெத்துக்கு அந்த நிமிடத்தில் தெரியாது. அவளுக்கு முன்னால் இவளுக்கு யார் சொன்னது? தொடர்தான் சொன்னது.

பழைய நாவல்களைத் தொலைக்காட்சித் தொடராக எடுப்பதில் என்ன கஷ்டம் என்று பேச ஆரம்பித்தால் பேச்சு நேராக வீடுகளுக்கும் உடைகளுக்கும் போய்விடும். அந்தக் கஷ்டம் பொய்யில்லை. 1995 தொடரில் கதாநாயகன் டார்சியின் வீடான பெம்பர்லி என்று நாம் பார்க்கும் ஒரே மாளிகை உண்மையில் இரண்டு மாளிகைகள்: வெளிப்புறம் செஷயரில் இருக்கும் லைம் பார்க், உட்புறம் டெர்பிஷயரில் இருக்கும் சட்பரி ஹால். மெரிட்டன் ஊருக்கு வில்ட்ஷயரின் லேகாக் கிராமம், டார்சியின் உறவினர் மாளிகையான ரோசிங்ஸுக்கு லிங்கன்ஷயரின் பெல்டன் ஹவுஸ். இங்கிலாந்து முழுக்கச் சுற்றி, துண்டு துண்டாகச் சேர்த்து ஒரு ஊரை உண்டாக்கியிருக்கிறார்கள். ஆனால் இதெல்லாம் பணமும் பொறுமையும் இருந்தால் தீர்ந்துவிடும் கஷ்டம். பட்ஜெட்டை எவ்வளவு கூட்டினாலும் தீராத ஒன்று இருக்கிறது. அந்த 36ஆவது அத்தியாயம் அப்படிப்பட்டது. ஒரு பெண் ஒரு கடிதத்தைப் படித்து மனதை மாற்றிக்கொள்கிறாள். அவ்வளவுதான் அங்கே 'நடப்பது'.

எட்டு மணிக் கடிதம்

கதை எல்லோருக்கும் தெரியும், நேராகக் கடிதத்துக்கு வந்துவிடுகிறேன். முந்தைய நாள் மாலை, எலிசபெத் தோழியைப் பார்க்கப் போயிருந்த ஹன்ஸ்ஃபர்டில் டார்சி வந்து, உன் குடும்பம் எனக்குத் தகுதியில்லாத குடும்பம், ஆனாலும் உன்னை நேசிக்கிறேன் என்கிற மாதிரி ஒரு கல்யாணப் பேச்சை எடுக்கிறார். எலிசபெத் வெளுத்து வாங்கி அனுப்புகிறாள். அவள் வைக்கும் குற்றச்சாட்டுகள் இரண்டு: அக்கா ஜேனையும் அவளை விரும்பிய தன் நண்பன் பிங்லியையும் டார்சி பிரித்தது ஒன்று, விக்கமின் வாழ்க்கையைக் கெடுத்தது இன்னொன்று. மறுநாள் காலை அவள் நடக்கப் போன இடத்தில் டார்சி வந்து ஒரு கடிதத்தைக் கையில் கொடுத்துவிட்டுப் போய்விடுகிறார். இரண்டு தாள், இடமில்லாமல் நெருக்கி எழுதியது, உறைத்தாளிலும் எழுத்து. ரோசிங்ஸ், காலை எட்டு மணி என்று தலைப்பில் இருக்கிறது. 35ஆவது அத்தியாயத்தின் பெரும்பகுதி அந்தக் கடிதமேதான். ஆஸ்டின் நடுவில் குறுக்கிடுவதே இல்லை. எலிசபெத் என்ன முகபாவத்தோடு படிக்கிறாள், எங்கே நிறுத்துகிறாள் என்று எதுவும் சொல்வதில்லை. அவள் கையில் இருக்கும் தாளைத்தான் நாமும் படிக்கிறோம்.

அடுத்த அத்தியாயத்தில்தான் எலிசபெத் வருகிறாள். இந்த அத்தியாயத்தைப் பலமுறை படித்திருக்கிறேன். அக்கா மகள் கேட்டபிறகு மறுபடி படித்தபோது ஒரு வழக்கின் கட்டைப் பிரித்துப் பார்ப்பது போலப் படித்தேன்: எலிசபெத்திடம் என்னென்ன சான்று இருக்கிறது?

முதல் வாசிப்பு வாசிப்பே இல்லை. ஒரு வாக்கியம் புரிவதற்குள் அடுத்த வாக்கியத்துக்குத் தாவுகிற அவசரம். அவர் என்ன எழுதியிருந்தாலும் நம்பக்கூடாது என்ற முடிவோடுதான் பிரிக்கிறாள். விக்கம் பற்றிய பகுதி வந்ததும் இது பொய்யாகத்தான் இருக்கவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொள்கிறாள். இனி இதைத் தொடவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிடம் ஆகவில்லை, தாள் மறுபடி பிரிந்துவிடுகிறது. இப்போதுதான் நிஜமான வாசிப்பு தொடங்குகிறது. டார்சியின் தந்தை விக்கமுக்குத் தேவாலயப் பதவி ஒன்றைத் தரச்சொல்லி உயில் எழுதியிருந்தார் என்பதில் விக்கம் சொன்னதும் டார்சி எழுதியதும் ஒத்துப்போகின்றன. அதுவரை சரி. அந்தப் பதவி வேண்டாம் என்று விக்கமே விட்டுக்கொடுத்து, பதிலுக்கு 3000 பவுண்டு வாங்கிக்கொண்டான் என்று டார்சி எழுதுகிறார். விக்கம் இதைப்பற்றி மூச்சுவிட்டதில்லை. இரண்டில் ஒருவர் பொய் சொல்கிறார். யார்? அவள் கடிதத்தைக் கீழே இறக்கி, நடுநிலையோடு எடைபோடுவதாக நினைத்துக்கொண்டு யோசிக்கிறாள். அங்கேதான் எனக்கு இந்த நாவல் முழுவதன் அச்சாணி போலத் தோன்றும் வரி வருகிறது: இரண்டு பக்கமும் இருப்பது வெறும் வாய்ச்சொல்தான். உடனே, மறுபடி படித்தாள்.

சொத்துத் தகராறில் இரு தரப்பும் எதிரெதிரே உட்கார்ந்து கற்பூரம் அடிக்காத குறையாகச் சத்தியம் செய்யும்போது நடுவில் உட்கார்ந்தவருக்கு இருக்கும் நிலைமைதான் எலிசபெத்துக்கும். பத்திரம் இல்லை, சாட்சி இல்லை. சாட்சிக்கு வேண்டுமானால் என் உறவினர் கர்னல் ஃபிட்ஸ்வில்லியமைக் கேட்டுக்கொள் என்று டார்சி எழுதியிருக்கிறார். அவளும் கேட்கலாம் என்று ஏறக்குறைய முடிவு செய்கிறாள். அப்புறம் இதை எப்படிப் போய் ஒருவரிடம் கேட்பது என்ற கூச்சத்தில் விட்டுவிடுகிறாள். கேட்டால் ஆமாம் என்று சொல்வார் என்ற நம்பிக்கை இல்லாமல் டார்சி அவர் பெயரை எழுதியிருக்க மாட்டார் என்றும் நினைத்துக்கொள்கிறாள். ஆக, கடைசிவரை வெளியிலிருந்து ஒரு சான்றும் வருவதில்லை.

பிறகு எதை வைத்து முடிவுக்கு வருகிறாள்? தன் ஞாபகத்தை வைத்து. விக்கம் நல்லவன் என்பதற்கு ஒரு சம்பவமாவது நினைவுக்கு வருமா என்று தேடுகிறாள். அவன் சிரிப்பும் பேச்சும் ஊரார் பாராட்டும் வருகின்றன, சம்பவம் எதுவும் வரவில்லை. அத்தை ஃபிலிப்ஸ் வீட்டில் அன்று மாலை அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அப்படியே ஞாபகம் இருக்கிறது. முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் முதல் பேச்சிலேயே அவ்வளவு சொந்தக் கதையை எதற்குச் சொன்னான்? டார்சியைப் பார்த்து நான் ஒதுங்கமாட்டேன் என்று வீரம் பேசினான், அடுத்த வாரமே பிங்லியின் வீடான நெதர்ஃபீல்டில் நடந்த நடன விருந்துக்கு வராமல் இருந்தது யார்? பிங்லி குடும்பம் ஊரைவிட்டுப் போகும்வரை அவளிடம் மட்டும் சொன்ன கதை, அவர்கள் போனபிறகு ஊர் முழுக்க எப்படிப் பரவியது? எல்லாமே அவளுக்கு முன்பே தெரிந்தவை. புதிதாக ஒரு தகவலும் இல்லை. தெரிந்ததை அவள் இதுவரை அடுக்கிப் பார்க்காமல் இருந்தாள், அவ்வளவுதான். அவன் முதல் சந்திப்பிலேயே தன்னைப் பாராட்டிப் பேசியது பிடித்திருந்தது. இன்னொருவர் முதல் சந்திப்பிலேயே தன்னை அலட்சியம் செய்தது வலித்தது. அதற்குப் பிறகு அவள் புத்தி வேலை செய்யவில்லை. இந்த நிமிடம் வரை நான் என்னையே அறிந்ததில்லை என்று அவள் சொல்வது இந்த இடத்தில்தான்.

இதில் வாசகருக்கும் பங்குண்டு. ஃபிலிப்ஸ் வீட்டில் நடந்ததை 16ஆவது அத்தியாயத்தில் நாமும் படித்தோம். நானும் முதல்முறை விக்கமை நம்பித்தான் படித்தேன். கதை சொல்லும் குரல் எலிசபெத்தின் மனதுக்குள் நழுவி நழுவிப் போய் வருவதால், அவள் அபிப்பிராயம் எது, நடந்த உண்மை எது என்று பிரித்துப் பார்க்கத் தோன்றுவதே இல்லை. அவளுடைய முன்முடிவு நமக்குத் தெரியாமலேயே நம்முடையதாகிவிடுகிறது. இருபது அத்தியாயம் கழித்து அவள் தலைகுனியும்போது நாமும் சேர்ந்து குனிகிறோம்.

டேவிஸ் என்ன செய்தார்

1995 தொடரை எழுதிய ஆண்ட்ரூ டேவிஸ் சாதாரணத் திரைக்கதையாசிரியர் இல்லை. ஆறு பகுதித் தொடரில் மூன்றாவது பகுதியின் முடிவில் அந்தக் கல்யாணப் பேச்சை வைத்தார். 61 அத்தியாய நாவலில் அது 34இல் வருகிறது, ஏறக்குறைய நட்டநடு. கட்டடத்தின் பளு எங்கே இறங்குகிறது என்று தெரிந்த ஆள். நான்காவது பகுதி கடிதத்தோடு தொடங்குகிறது.

எப்படித் தொடங்குகிறது என்பதுதான் விஷயம். மறுத்துப் பேசிய பெண்ணைவிட்டு, மறுக்கப்பட்ட ஆணின் பின்னால் கேமரா போகிறது. ராத்திரி, மெழுகுவத்தி வெளிச்சம், கலைந்த சட்டையோடு டார்சி மேசையில் உட்கார்ந்து எழுதுகிறார். டார்சியாக நடித்த காலின் ஃபர்த்தின் குரல் பின்னணியில் ஓடுகிறது. அவர் எழுத எழுத நமக்கு ஃப்ளாஷ்பேக் காட்டுகிறார்கள். கேம்பிரிட்ஜில் ஒரு பெண்ணை மடியில் வைத்துக்கொண்டு விக்கம், வாசலில் டார்சி. அப்புறம் ராம்ஸ்கேட் கடற்கரை ஊர், பதினைந்து வயதுத் தங்கை ஜார்ஜியானா, அவளுடைய 30,000 பவுண்டு சொத்தைக் குறிவைத்து அவளைக் கூட்டிக்கொண்டு ஓடப் பார்க்கும் விக்கம். விடிந்தபிறகு டார்சி முகத்தில் தண்ணீரை அடித்துக்கொள்கிறார். அதற்கப்புறம்தான் கடிதம் எலிசபெத் கைக்குப் போகிறது.

படமாக்கிய விதத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அழகாகவே இருக்கிறது. ஆனால் அவள் கடிதத்தைப் பிரிப்பதற்கு முன்பே வழக்கு முடிந்துவிட்டது. எழுதியது உண்மை என்று நாம் கண்ணால் பார்த்தாகிவிட்டது. ஒருவர் 'இப்படி நடந்தது' என்று தாளில் எழுதினால் அது அவருடைய கூற்று, நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம். அதையே திரையில் காட்டினால் அது நடந்தது. பார்வையாளர் படத்தோடு வாதாட மாட்டார். பொய்யான ஃப்ளாஷ்பேக் வைத்த படங்கள் உண்டு, ஆனால் அது பின்னால் உடைத்துக் காட்டும் வித்தைக்காக வைப்பது. ஜவுளிக்கடைப் பொம்மை மாதிரி நிற்காத, மூச்சுவிடுகிற ஒரு ஜார்ஜியானாவை ராம்ஸ்கேட்டில் பார்த்துவிட்ட எவரும், எலிசபெத் இன்னும் என்ன யோசிக்கிறாள் என்று கொட்டாவி விடத்தான் செய்வார்கள். எங்கள் வீட்டுப் பெண் கேட்டது அதைத்தான். தொடரில் எலிசபெத்தாக ஜெனிஃபர் ஈலி நன்றாகத்தான் நடித்திருக்கிறார், கோபம், குழப்பம், வெட்கம் எல்லாம் முகத்தில் வந்து போகின்றன. ஆனால் நாம் ஏற்கெனவே தெரிந்துகொண்டதை அவள் எப்போது பிடித்துக்கொள்வாள் என்று காத்திருக்கிறோம். அவளோடு சேர்ந்து தடுமாறவில்லை.

இது நான்காவது பகுதியில் எடுத்த முடிவு இல்லை, முதல் காட்சியிலேயே எடுத்தது. தொடர் எப்படி ஆரம்பிக்கிறது, நினைவிருக்கிறதா? இரண்டு ஆண்கள் குதிரையில் பறக்கிறார்கள். ஒருவர் பிங்லி, இன்னொருவர் டார்சி. நெதர்ஃபீல்ட் வீட்டைப் பார்த்து வாடகைக்கு எடுக்கலாமா என்று பேசிக்கொள்கிறார்கள். நாவலில் ஆண்கள் தனியாகப் பேசிக்கொள்ளும் இடத்துக்கு ஆஸ்டின் நம்மை ஏறக்குறைய அழைத்துப் போவதே இல்லை. பெண்களுக்குத் தெரிந்ததுதான் வாசகருக்கும் தெரியும். டேவிஸ் அந்தக் கதவைத் திறந்துவிட்டார். டார்சி குளித்துவிட்டு வந்து ஜன்னல் வழியே, தோட்டத்தில் நாயோடு விளையாடும் எலிசபெத்தைப் பார்க்கிறார். வாள் பயிற்சி செய்கிறார். கடைசியில் அந்தக் குளத்தில் குதிக்கிறார் (அந்தக் காட்சி இங்கிலாந்தில் தேசியச் சொத்து மாதிரி ஆகிவிட்டது, நான் அதைத் தொடப்போவதில்லை). இதெல்லாம் தனித்தனியாக ரசிக்கத்தக்கவை. மொத்தமாகச் சேர்த்தால் என்ன ஆகிறது? டார்சியின் மனது எலிசபெத்துக்குத் தெரிவதற்கு முன்பே நமக்குத் தெரிந்துவிடுகிறது. கதாநாயகியின் கண்ணைக் கட்டிவிட்டு நம் கண்ணைத் திறந்துவிட்டார்கள். நாவலில் இரண்டு பேர் கண்ணும் கட்டியிருந்தது.

நாவலின் அந்தப் பிரசித்தி பெற்ற முதல் வரியும் இப்படித்தான் கைமாறியது. பணக்காரப் பிரம்மச்சாரிக்கு மனைவி தேவைப்பட்டே தீரும் என்பது நாவலில் யார் வாயிலும் வருவதில்லை, கதை சொல்லும் குரல் நம்மைப் பார்த்து ஓரக்கண்ணால் சிரித்துக்கொண்டே சொல்வது. தொடரில் எலிசபெத்தே நடந்துபோகும்போது கிண்டலாகச் சொல்கிறாள். வசனமாக நன்றாகத்தான் ஒட்டுகிறது. ஆனால் அந்தக் குரல் எலிசபெத்தைவிடக் கூடுதல் விவரம் தெரிந்த குரல். அதை அவளிடம் கொடுத்துவிட்டால் அவளைப் பார்த்துச் சிரிக்க யாரும் மிச்சமில்லை. எல்லோரையும்விடப் புத்திசாலியான பெண் இப்படி ஏமாந்துபோனதுதான் கதை.

வேறு எப்படிச் செய்திருக்கலாம்?

டேவிஸ் பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி வாரம் ஒரு பகுதியாகப் போன தொடர் அது. விக்கம் வந்து கதை அளந்தது இரண்டாவது பகுதியில். இரண்டு வாரத்துக்கு முன்னால் கேட்ட வசனத்தை ஞாபகம் வைத்து, இப்போது அதன் ஓட்டையைக் கண்டுபிடி என்று பார்வையாளரிடம் கேட்க முடியுமா? நாவல் என்றால் பக்கத்தைப் பின்னால் புரட்டிக்கொள்ளலாம். அப்புறம் ஜார்ஜியானா பின்னால் வரப்போகிறாள், அவளை முன்கூட்டியே காட்டிவைத்தால் பெம்பர்லியில் அவளைப் பார்க்கும்போது நமக்கே ஒரு வாஞ்சை வரும். ஒரே ராம்ஸ்கேட் காட்சியில் திரைக்கதைக்கு நாலைந்து வேலை முடிந்துவிடுகிறது. தொழில் தெரிந்தவர் இதை விடமாட்டார்.

1980இல் பிபிசி இதே நாவலை ஐந்து பகுதிகளாக எடுத்தது. திரைக்கதை ஃபே வெல்டன். அந்தத் தொடரில் கடிதத்தைப் பெரும்பாலும் பின்னணிக் குரலை வைத்தே ஒப்பேற்றியிருக்கிறார்கள். இன்று பார்த்தால் கொஞ்சம் மேடை நாடக வாடை அடிக்கும், பளிச்சென்ற ஸ்டுடியோ வெளிச்சம் வேறு. ஆனால் கடிதம் கடிதமாகவே இருக்கிறது, ஒருவர் சொல்வதை இன்னொருவர் கேட்கிறார். அந்த விதத்தில் எனக்கு அது கூடுதல் நேர்மையாகப் படுகிறது. சுவாரசியம் குறைவு என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். 2005இல் வந்த சினிமாவுக்கு மொத்தமே இரண்டு மணி நேரம்தான், அதை இதில் இழுக்க வேண்டாம். கண்ணாடி முன்னால் சிலையாக நிற்கும் கீரா நைட்லியின் முகத்தை மட்டும் பாராட்டிவிட்டு நகர்ந்துவிடலாம்.

நானாக இருந்தால் என்ன செய்வேன் என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். ராம்ஸ்கேட்டைக் காட்டமாட்டேன். கேம்பிரிட்ஜையும் காட்டமாட்டேன். எலிசபெத் பார்க்காத எதையும் அந்தப் பகுதியில் காட்டக்கூடாது என்று வைத்துக்கொள்வேன். அவள் பார்த்ததை மறுபடி காட்டுவேன். இரண்டாவது பகுதியில் ஃபிலிப்ஸ் வீட்டில் எடுத்த அதே காட்சி, அதே ஷாட்டுகள், புதிதாக ஒரு ஃபிரேம்கூட வேண்டாம். விக்கம் சிரிக்கிறான், சுற்றும்முற்றும் பார்க்கிறான், குரலைத் தணிக்கிறான். முதல்முறை அது தன்னடக்கம் மாதிரி இருந்தது. இப்போது, யாராவது கேட்கிறார்களா என்று நோட்டம் விடுவது மாதிரி இருக்க வேண்டும். அப்புறம் நெதர்ஃபீல்ட் விருந்து, புது உடுப்பு போட்டுக்கொண்டு எலிசபெத் அறை முழுக்கத் தேடுகிறாள், அவன் இல்லை. அதே ஷாட் மறுபடி. அன்றைக்கு டார்சிமேல் வந்த கோபம் இன்றைக்கு வேறு எங்கோ திரும்ப வேண்டும். படம் மாறாமல் பார்ப்பவரின் புத்தி மட்டும் மாற வேண்டும். நாவல் நமக்குச் செய்வதற்குப் பக்கத்தில் வரக்கூடியது இது ஒன்றுதான் என்று தோன்றுகிறது.

சொல்வது சுலபம். இதற்கு அந்த முதல் காட்சியையே இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி எடுத்திருக்க வேண்டும். விக்கமாக நடிப்பவர் கண்ணில் கள்ளத்தனம் ஒரு துளி கூடினால் முதல்முறையே குட்டு வெளிப்பட்டுவிடும், ஒரு துளி குறைந்தால் இரண்டாம் முறை ஒன்றும் தெரியாது. இசையமைப்பாளரை அந்தப் பக்கமே விடக்கூடாது, இரண்டு வயலின் சோகமாக முனகினால் போச்சு. குதிரையில் வரும் முதல் காட்சியை வெட்ட வேண்டும், குளியல் வேண்டாம். அதாவது முதல் மூன்று மணி நேரமும் டார்சி நமக்கும் சிடுமூஞ்சியாகவே இருக்க வேண்டும். காலின் ஃபர்த்தைச் சம்பளம் கொடுத்துக் கூட்டிவந்துவிட்டு, பாதித் தொடர் முடியும்வரை அவரை யாருக்கும் பிடிக்கக்கூடாது என்று எந்தத் தயாரிப்பாளரிடம் போய்ச் சொல்வது? விளம்பரத்திலும் சுவரொட்டியிலும் அவர் முகம்தான் இருக்கும். தவிர, இன்று தொடர் பார்க்க உட்காருகிற யாருக்கும் டார்சி யார் என்று தெரியாமல் இருக்காது. 1813இல் மூன்று பாகங்களாக வந்த புத்தகத்தைப் பிரித்தவர்களுக்குக் கிடைத்த அறியாமை நமக்குத் திரும்பக் கிடைக்கப்போவதில்லை.

இதையெல்லாம் எழுதத் தூண்டியதில் இன்னொரு காரணமும் இருக்கிறது. இந்த நாவலை நெட்ஃபிளிக்ஸ் மறுபடி எடுக்கிறது, டாலி ஆல்டர்டன் திரைக்கதை, எம்மா காரின் எலிசபெத், ஜாக் லௌடன் டார்சி என்று 2025இல் அறிவிப்பு வந்தது. இதுவும் ஆறு பகுதிதான். இப்போதெல்லாம் ஆறு பகுதியையும் ஒரே ராத்திரியில் பார்க்கிறார்கள், ஆகவே இரண்டாவது பகுதியில் சொன்னது நான்காவது பகுதியில் மறந்துபோயிருக்கும் என்ற சாக்கு செல்லாது. தேவைப்பட்டால் விரலால் பின்னால் தள்ளிப் பார்த்துக்கொள்ளலாம், புத்தகப் பக்கம் மாதிரியே. 1995இல் டேவிஸுக்கு இல்லாத வசதி இது. யாராவது பயன்படுத்துவார்களா என்று கேட்டால், ராம்ஸ்கேட் கடல் ட்ரோன் ஷாட்டில் வரும் என்றுதான் பந்தயம் கட்டுவேன்.